‘மறுத்தேன்’ என்றால் எந்த மறுப்பு? பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் பொருள் வேறுபாடுகளும்

கட்டுமானத் தளத்தில் நடக்கக்கூடிய ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். உயரமான சாரத்தில் ஏறி வேலை செய்யும்படி ஊழியர் ஒருவரிடம் மேற்பார்வையாளர் சொல்கிறார். பாதுகாப்பு வார் இல்லாததால் ஊழியர் ஏற மறுக்கிறார். மறுநாள் நிறுவனம் அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கிறது. “அந்த உத்தரவை நான் மறுத்தேன்” என்று ஆங்கிலத்தில் எழுத நினைக்கும் அவர், மறுப்புக்குத் தமக்குத் தெரிந்த சொல்லான ‘டினை’யைப் பயன்படுத்திவிடுகிறார்.

ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால், “அப்படி ஓர் உத்தரவே வரவில்லை என்று இவர் சொல்கிறார்” எனப் புரிந்துகொள்ளக்கூடும். ஆபத்தான வேலையைச் செய்ய முடியாது என்று துணிந்து சொன்ன ஊழியர், உத்தரவு போட்டவருக்குச் சாதகமாகத் தாமே எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடும். அவர் எழுதியிருக்க வேண்டிய சொல் ‘ரிஃப்யூஸ்’.

இது இலக்கணப் பிழை அன்று. எழுத்துப் பிழையும் அன்று. தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு, மூன்று சொற்களாகப் பிரிந்து கிடப்பதால் வரும் சிக்கல். பேச்சைக் குறிக்கும் சொற்களில் இந்தச் சிக்கல் அதிகம். காரணம், “ஒருவர் சொன்னார்” என்று எழுதும்போது அவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் ஆங்கிலம் பதிவு செய்வதில்லை. அவர் எந்த நிலையில் சொன்னார், சொன்னது உண்மையா, தவறு யாருடையது என்ற கணிப்பையும் அந்த ஒரு வினைச்சொல் சுமந்து வரும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலையிடக் கடிதம், பள்ளிக் கட்டுரை, காப்புறுதிப் படிவம், நீதிமன்றச் செய்தி என அன்றாடம் இந்தச் சொற்களைச் சந்திக்கும் தமிழர்களுக்கு, முக்கியமான வேறுபாடுகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

நான்கு அடிப்படைச் சொற்கள்

‘சே’, ‘டெல்’, ‘ஸ்பீக்’, ‘டாக்’ ஆகிய நான்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியவை.

‘சே’ என்பது சொன்ன சொற்களின்மேல் கவனம் வைக்கும். என்ன சொன்னார் என்பதுதான் அதில் முக்கியம். யாரிடம் சொன்னார் என்பது கட்டாயம் இல்லை. ‘டெல்’ என்பது கேட்பவர்மேல் கவனம் வைக்கும். யாரிடம் என்ற விவரம் பெரும்பாலும் உடனே வந்துவிட வேண்டும். அதனால்தான் ‘ஹி டோல்ட் மீ’ என்பது சரி. ‘ஹி செட் மீ’ என்பது பிழை. ‘சே’ போட்டால் நடுவில் ‘டு’ வேண்டும். பொய் சொல்வது, உண்மை சொல்வது, கதை சொல்வது ஆகிய மூன்றுக்கும் ‘டெல்’ வரும். அங்கே கேட்பவரைக் குறிப்பிடாமலும் எழுதலாம்.

‘டெல்’லுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன்பின் ‘தட்’ வந்தால் தகவல் தெரிவித்ததாகப் பொருள். ‘டு’ வந்து அடுத்து ஒரு வினைச்சொல் வந்தால் கட்டளையிட்டதாகப் பொருள். “இயந்திரம் நின்றுவிட்டது என்று சொன்னார்” என்பது முதல் வகை. “இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்” என்பது இரண்டாவது வகை. விபத்து ஒன்று நடந்த பிறகு எழுதப்படும் அறிக்கையில் இந்த வேறுபாடே பொறுப்பு யாருடையது என்பதைக் காட்டிவிடும்.

‘ஸ்பீக்’ சற்று முறையானது. மேடையில் பேசுவது, ஒரு மொழியைப் பேசுவது, தொலைபேசியில் இன்னாரிடம் பேச வேண்டும் என்று கேட்பது ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ‘டாக்’ இருவருக்கும் பங்குள்ள இயல்பான பேச்சு. ஒருவருக்குத் தமிழ் தெரியும் என்பதைக் குறிக்க ‘ஸ்பீக்ஸ் தமிழ்’ என்றுதான் எழுத வேண்டும். ‘டாக்ஸ் தமிழ்’ என்று எழுதுவதில்லை.

இச்சொற்களின் பிறப்பும் நினைவில் வைக்க உதவும். பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’ என்பதற்கு எண்ணுதல் என்ற பொருள் இருந்தது. வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுப்பவரை இன்றும் ‘டெல்லர்’ என்பது அதன் எச்சமே. எண்ணிக்கைக்கும் சிந்தனைக்கும் ‘எண்ணு’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழருக்கு இது வியப்பாக இருக்காது. கதையைக் குறிக்கும் ‘டேல்’ என்ற சொல்லும் ‘டெல்’லின் உறவுதான்.

‘கேட்டார்’ என்பதில் உள்ள பல குரல்கள்

தமிழில் ‘கேள்’ என்ற சொல்லுக்குக் காதால் கேட்பதும் பொருள். வாயால் கேட்பதும் பொருள். ஆங்கிலத்தில் இவை முற்றிலும் வேறு சொற்கள். காதில் விழுவது ‘ஹியர்’. கவனித்துக் கேட்பது ‘லிசன்’. கேள்வியாகவோ உதவியாகவோ கேட்பது ‘ஆஸ்க்’.

அந்த ‘ஆஸ்க்’ மேலும் பல படிகளாகப் பிரியும். பணிவாகக் கேட்பது ‘ரிக்வெஸ்ட்’. தகவல் அறிய விசாரிப்பது ‘என்கொயர்’. கெஞ்சுவது ‘பெக்’. கொடுத்தே ஆக வேண்டும் என்று அழுத்திக் கேட்பது ‘டிமாண்ட்’.

சம்பள பாக்கியைப் பற்றி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஊழியர் ‘ரிக்வெஸ்ட்’ என்று எழுதினால் கோரிக்கை. ‘டிமாண்ட்’ என்று எழுதினால் அது சண்டைக்கு முதல் படி. வழக்கறிஞர் மூலம் கடன்காரருக்கு அனுப்பும் கடிதத்தை ‘லெட்டர் ஆஃப் டிமாண்ட்’ என்று சொல்வதை எண்ணிப் பார்த்தால் அச்சொல்லின் எடை விளங்கும். முதல் மின்னஞ்சலிலேயே அந்த எடை தேவையா என்பதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே நேரத்தில், மூன்று முறை பணிவாகக் கேட்டும் பதில் வராத நிலையில் நான்காம் முறையும் பணிவான சொல்லையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

‘குவெஸ்ஷன்’ என்பதைப் பெயர்ச்சொல்லாக எல்லாரும் அறிவர். அதுவே வினைச்சொல்லாக வந்தால் பொருள் மாறும். ‘ஆஸ்க்’ என்றால் கேட்டார்; ‘குவெஸ்ஷன்’ என்றால் குறுக்குவிசாரணை செய்வதுபோலக் கேட்டார், அல்லது ஒன்றைச் சந்தேகித்தார். “மேலாளரின் முடிவைக் கேட்டேன்” என்ற பொருளில் இச்சொல்லைப் போட்டால், “அந்த முடிவு சரிதானா என்று கேள்வி எழுப்பினேன்” என்று அது நிற்கும்.

‘ஒப்புக்கொண்டார்’: சம்மதமா, குற்ற ஒப்புதலா?

‘மறு’ என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக அதிகச் சிக்கல் தருவது இச்சொல்தான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சம்மதித்தாலும் ‘ஒப்புக்கொண்டார்’ என்கிறோம். பணத்தை எடுத்தது தாம்தான் என்று சொன்னாலும் ‘ஒப்புக்கொண்டார்’ என்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘அக்ரீ’. இரண்டாவது ‘அட்மிட்’.

‘அட்மிட்’ என்ற சொல் வந்தாலே அங்கு ஏதோ தவறு அல்லது சங்கடம் இருக்கிறது என்று பொருள். “கூடுதல் நேரம் வேலை செய்ததாக ஊழியர் ஒப்புக்கொண்டார்” என்பதை ‘அட்மிட்’ போட்டு எழுதினால், கூடுதல் நேரம் வேலை செய்ததே குற்றம் என்பதுபோல் ஒலிக்கும். ஒருவர் வெறுமனே சொன்ன விவரத்துக்கு இன்னொருவர் ‘அட்மிட்’ என்று எழுதி வைத்தால், சொன்னவர்மீது நிழல் விழுந்துவிடுகிறது.

இந்த வரிசையில் மற்ற சொற்களையும் அறிந்து வைப்பது நல்லது. ‘கன்ஃபெஸ்’ என்பது ‘அட்மிட்’டைவிடக் கனமானது, மறைத்து வைத்த குற்றத்தையோ பாவத்தையோ வெளிப்படையாகச் சொல்வது. ‘கன்சீட்’ என்பது வாதத்தின் நடுவில், மனமில்லாமல், எதிராளி சொல்வதில் ஒரு பகுதி சரிதான் என்று விட்டுக்கொடுப்பது. ‘அக்செப்ட்’ என்பது ஏற்றுக்கொள்வது.

‘அக்னாலெட்ஜ்’ என்பது இவற்றுள் பாதுகாப்பான சொல். ஒரு விஷயம் தமக்குத் தெரியும், ஒரு கடிதம் தமக்குக் கிடைத்தது என்று தெரிவிப்பதற்கு அது பயன்படும். எச்சரிக்கைக் கடிதத்தின் அடியில் கையெழுத்துக் கேட்கும்போது, ‘அக்னாலெட்ஜ் ரிசீட்’ என்று மட்டும் இருந்தால் கடிதம் கைக்கு வந்தது என்பதற்கே அந்தக் கையெழுத்து. ‘அட்மிட்’, ‘அக்செப்ட்’ போன்ற சொற்கள் இருந்தால் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டையும் ஏற்பதாக ஆகக்கூடும். கையெழுத்திடும் முன்பு அந்த ஒரு வரியை நிதானமாகப் படிப்பது அவசியம்.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் சரி, சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டமும் சரி, தவறான நடத்தைக்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்வதற்கு முன்பு முறையான விசாரணை நடக்க வேண்டும் என்கின்றன. அத்தகைய விசாரணையில் ஊழியர் தம் கையால் எழுதிய விளக்கம் முக்கிய இடம் பெறும். அதில் எந்த வினைச்சொல் இருக்கிறது என்பது சிறிய விஷயமாக இருக்க முடியாது.

‘மறுத்தார்’: செய்யவில்லையா, செய்யமாட்டேனா?

தொடக்கத்தில் பார்த்த சொல்லுக்கே மீண்டும் வரலாம். ‘டினை’ என்றால் “அது உண்மையில்லை” என்று மறுப்பது. ‘ரிஃப்யூஸ்’ என்றால் “அதைச் செய்யமாட்டேன்” என்று மறுப்பது. முதலாவது நடந்துபோனதைப் பற்றியது. இரண்டாவது செய்ய வேண்டியதைப் பற்றியது. குற்றச்சாட்டை ‘டினை’ செய்யலாம்; உத்தரவை ‘ரிஃப்யூஸ்’ செய்யலாம். இதுவே எளிதாக நினைவில் வைக்கும் வழி.

‘டிக்ளைன்’ என்பது மரியாதையாக மறுப்பது. விருந்துக்கு வர இயலாது என்பதற்கும், கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்பதற்கும் அது ஏற்றது. செய்தியாளர் கேட்ட கேள்விக்கு நிறுவனம் கருத்துரைக்க ‘டிக்ளைன்’ செய்தது என்று எழுதினால் நடுநிலை. ‘ரிஃப்யூஸ்’ செய்தது என்று எழுதினால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்ததாகப் பொருள். ‘ரிஜெக்ட்’ என்பது ஒரு பொருளையோ விண்ணப்பத்தையோ கருத்தையோ நிராகரிப்பது.

‘ரிஃபியூட்’ என்ற சொல்லைப் பலர் ‘டினை’க்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால், ஆதாரம் காட்டிப் பொய் என்று நிரூபிப்பதுதான் ‘ரிஃபியூட்’. வெறுமனே “இல்லை” என்று சொல்வதற்கு ‘டினை’ போதும்.

மலாய் மொழியிலும் இதே பிரிவு உண்டு என்பது மலேசிய வாசகர்களுக்குக் கைகொடுக்கும். உண்மையில்லை என்று மறுப்பது ‘மெனாஃபிகான்’; செய்ய விருப்பமில்லாமல் மறுப்பது ‘எங்கான்’. தவற்றை ஒப்புக்கொள்வது ‘மெங்காகு’, சம்மதிப்பது ‘பெர்செதுஜு’. பள்ளியில் மலாய் படித்த ஒருவர் இந்த இரண்டு இணைகளை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் தடுமாற வேண்டியதில்லை.

ஏசுவது, எச்சரிப்பது, மிரட்டுவது

“மேனேஜர் ஏசிட்டாரு” என்று இங்கு எல்லாரும் சொல்வதுண்டு. ஆங்கிலத்திலும் உடனே ‘ஸ்கோல்ட்’ என்று எழுதிவிடுகிறோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஸ்கோல்ட்’ என்பது பெரும்பாலும் பெற்றோர் பிள்ளையையோ ஆசிரியர் மாணவரையோ கண்டிப்பதைக் குறிக்கும். சிங்கப்பூர், மலேசியப் பேச்சு ஆங்கிலத்தில்தான் அது எல்லா வசைக்கும் பொதுவாகிவிட்டது.

அதனால் விளையும் இழப்பு என்னவென்றால், நடந்தது எவ்வளவு மோசம் என்பது தெரியாமல் போகிறது. பெரியவர் ஒருவரை மேலாளர் ‘ஸ்கோல்ட்’ செய்தார் என்று புகாரில் எழுதினால், வெளிநாட்டு அதிகாரி ஒருவர் அதைச் சாதாரணக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். தகாத சொற்களால் திட்டியிருந்தால் ‘அபியூஸ்’. மானத்தைக் குலைக்கும்படி பேசியிருந்தால் ‘இன்சல்ட்’. பதவியின் அதிகாரத்தோடு முறைப்படி கண்டித்திருந்தால் ‘ரெப்ரிமாண்ட்’. குறை சுட்டியிருந்தால் ‘கிரிட்டிசைஸ்’. புகார் எழுதும்போது இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு, பேசப்பட்ட சொற்களையே மேற்கோளாக எழுதிவிடுவது இன்னும் நல்லது. அப்போது படிப்பவர் தாமே எடை போட்டுக்கொள்ள முடியும்.

‘வார்ன்’, ‘த்ரெட்டன்’ ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்வது ‘வார்ன்’. தாமே தீங்கு செய்வதாகச் சொல்லிப் பயமுறுத்துவது ‘த்ரெட்டன்’. “படி ஈரமாக இருக்கிறது, விழுந்துவிடுவாய்” என்பது எச்சரிக்கை. “உன்னைப் படியில் தள்ளிவிடுவேன்” என்பது மிரட்டல். மிரட்டல் என்பது வெறும் பேச்சு விவகாரம் மட்டும் அன்று. சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் தண்டனைச் சட்டத்திலும் 503ஆம் பிரிவு குற்றவியல் மிரட்டலை வரையறுக்கிறது. ஒருவர்மீது ‘த்ரெட்டன்’ என்ற சொல்லைப் போடுவது அவர்மீது குற்றம் சாட்டுவதற்குச் சமம். நடந்தது மிரட்டல்தான் என்றால் எழுதத் தயங்கக் கூடாது. எச்சரிக்கை மட்டுமே என்றால் அச்சொல்லை எழுதவே கூடாது.

செய்திகளில் வரும் ‘கூறினார்’

ஆங்கிலச் செய்திகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘செட்’ என்பது நடுநிலையானது. ‘ஸ்டேட்டட்’ என்பது முறைப்படி அறிவித்தது. ‘பாயிண்டட் அவுட்’, ‘ரிவீல்ட்’ ஆகிய இரண்டும் சொல்லப்பட்டது உண்மை என்று செய்தியாளரும் ஏற்பதைக் காட்டும். சுட்டிக்காட்டுவதற்கு அங்கு ஒன்று இருக்க வேண்டும். வெளிப்படுத்துவதற்கு மறைந்திருந்த உண்மை ஒன்று இருக்க வேண்டும்.

‘கிளைம்ட்’ என்றால் அதற்கு நேர்மாறு. “அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், உண்மையா என்பது உறுதியில்லை” என்ற தொனி அதில் இருக்கும். ‘இன்சிஸ்டட்’ என்றால் பிறர் நம்பாத நிலையிலும் விடாப்பிடியாகச் சொன்னார் என்று பொருள். ‘அலெஜ்ட்’ என்பது இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. தமிழ்ச் செய்திகளில் “கூறப்படுகிறது”, “சொல்லப்படுகிறது” என்று முடியும் வாக்கியங்களில் பல இதற்கு ஈடானவை. வழக்கு முடியும்வரை ஒருவர் குற்றவாளி இல்லை என்பதால்தான் செய்தியாளர்கள் இச்சொல்லை விடாமல் பயன்படுத்துகிறார்கள். அதைப் படித்துவிட்டு “அவன் செய்துவிட்டானாம்” என்று புலனத்தில் பகிர்ந்தால், அந்தச் சொல் கொடுத்த பாதுகாப்பு பகிர்ந்தவருக்குக் கிடையாது.

‘கிளைம்’ என்ற சொல்லை இங்குள்ள தமிழர்கள் அன்றாடம் பயன்படுத்துவதுண்டு. மருந்தகச் செலவைக் கிளைம் செய்வது, காப்புறுதிக் கிளைம் என்று அது தமிழாகவே ஆகிவிட்டது. அங்கு அது உரிமையோடு கோருவது. நீதிமன்றச் செய்திகளில் ‘கிளைம் டிரயல்’ என்று வந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கோரினார் என்று பொருள். ‘ஹி கிளைம்ட் தட்’ என்று வந்தால் மட்டுமே சந்தேகத் தொனி.

மாணவர் கட்டுரைகளுக்கு: குரலைக் காட்டும் சொற்கள்

பேச்சின் ஒலியைக் காட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். அவற்றுக்குத் தமிழிலும் நல்ல இணைகள் உண்டு. கிசுகிசுப்பது ‘விஸ்பர்’. வாய்க்குள் முணுமுணுப்பது ‘மட்டர்’. அதில் பெரும்பாலும் எரிச்சல் கலந்திருக்கும். தெளிவில்லாமல் மென்று விழுங்கிப் பேசுவது ‘மம்பிள்’. அதில் கூச்சமோ தூக்கமோ இருக்கலாம், கோபம் இருக்க வேண்டியதில்லை. மெல்லிய குரலில் இதமாகச் சொல்வது ‘மர்மர்’. திக்கித் திக்கிப் பேசுவது ‘ஸ்டாமர்’. உளறுவது ‘பாபிள்’. உரக்கக் கத்துவது ‘ஷௌட்’. அச்சத்திலோ வலியிலோ அலறுவது ‘ஸ்க்ரீம்’.

கட்டுரையில் ‘செட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று பிள்ளைகள் கவலைப்படுவதுண்டு. அதனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு புதுச்சொல்லைத் திணிக்கிறார்கள். “மணி என்ன?” என்று நண்பன் கேட்பதற்கு ‘எக்ஸ்க்ளெய்ம்ட்’ என்று எழுதினால், மணி கேட்பதற்கு ஏன் இத்தனை வியப்பு என்று தோன்றும். சாதாரணப் பேச்சுக்கு ‘செட்’, ‘ஆஸ்க்ட்’ போதும். பேசியவரின் மனநிலை மாறும் இடத்தில் மட்டும் சொல்லை மாற்றினால் அந்த மாற்றம் படிப்பவருக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்விகள் இடம்பெறுவதுண்டு. அங்கு காலமும் இடப்பெயரும் மாறுவதை மட்டுமே பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள். “நான்தான் கண்ணாடியை உடைத்தேன்” என்று சிறுவன் சொன்னதற்கு ‘அட்மிட்டட்’, “நான் உடைக்கவில்லை” என்பதற்கு ‘டினைட்’, “வேறு கண்ணாடி வாங்கலாமே” என்பதற்கு ‘சஜெஸ்டட்’ என வினைச்சொல்லையும் சேர்த்துப் பழகினால் பொருளும் மனத்தில் பதியும். வீட்டில் பெற்றோர் தமிழிலேயே இந்த விளையாட்டை விளையாடலாம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, “இதைச் சொன்னவன் என்ன செய்தான்? ஒத்துக்கிட்டானா, மழுப்பினானா, அடம்பிடிச்சானா?” என்று கேட்டால் போதும்.

கூடிப் பேசும் சொற்களும் சில வழக்கமான பிழைகளும்

அரட்டை ‘சாட்’. இல்லாதவரைப் பற்றிய புறம்பேச்சு ‘காசிப்’. பல கோணங்களில் ஆராய்ந்து பேசுவது ‘டிஸ்கஸ்’. மேடையில் விதிகளோடு வாதிடுவது ‘டிபேட்’. பேரம் பேசி உடன்பாடு காண்பது ‘நெகோஷியேட்’. ‘ஆர்க்யூ’வுக்கு இரு முகம் உண்டு. எழுத்திலும் நீதிமன்றத்திலும் அது காரணம் காட்டி வாதிடுவது. வீட்டிலும் அலுவலகத்திலும் வாய்ச்சண்டை போடுவது. “மேலாளரோடு விவாதித்தேன்” என்பதற்கு ‘ஆர்க்யூ’ என்று எழுதினால் சண்டை போட்டதாகவே புரிந்துகொள்ளப்படும். அங்கு ‘டிஸ்கஸ்’ என்பதே சரி.

‘டிஸ்கஸ்’ என்பதன்பின் ‘அபௌட்’ தேவையில்லை. “பற்றிப் பேசுதல்” என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ரிப்ளை மீ’ என்பது தவறு. ‘ரிப்ளை டு மீ’ என்று வர வேண்டும். ‘எக்ஸ்ப்ளைன்’, ‘சஜெஸ்ட்’ ஆகியவற்றுக்கும் அதே விதி. ‘இன்ஃபார்ம்’ மட்டும் ‘டெல்’லைப் போல, யாரிடம் என்பது உடனே வர வேண்டும், நடுவில் ‘டு’ வராது.

தமிழருக்குப் புதிதல்ல

இத்தனை நுணுக்கங்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. சூழலுக்கு ஏற்பச் சொல்லைத் தேர்வது தமிழர்களுக்குப் பழக்கமான ஒன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே வினாவையும் அதற்குரிய விடையான செப்பையும் பற்றிப் பேசுகிறது. ஒரு பொருளைக் கேட்கும்போது இழிந்தவர் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் சொல்வதாக அந்நூல் பிரிக்கிறது. செயல் ஒன்றுதான்; கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ‘பெக்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘டிமாண்ட்’ ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடைப்பது அரிது.

இன்றைய பேச்சிலும் உளறினான், பிதற்றினான், அதட்டினான், மழுப்பினான், இழுத்தான், முனகினான், பீற்றிக்கொண்டான் என்று சொல்லும்போது, சொன்னதோடு சேர்த்துத் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. பிரியும் இடங்கள் மட்டும் வேறு.

கையெழுத்திடும் முன்பு

இந்த வேறுபாடு அதிகம் தேவைப்படுவது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதும் இடங்களில்தான். சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படும் வாக்குமூலம் அதைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால், புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவும், வாக்குமூலம் கொடுத்தவருக்கு அதை வாசித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது. திருத்தம் கேட்பது அதிகாரியை எதிர்ப்பது ஆகாது. சட்டமே கொடுத்திருக்கும் வாய்ப்பு அது.

அந்த நேரத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது உதவும். ‘மறுத்தேன்’ என்று சொன்ன இடத்தில் ‘டினை’ இருக்கிறதா, ‘ரிஃப்யூஸ்’ இருக்கிறதா? ‘ஒப்புக்கொண்டேன்’ என்று சொன்ன இடத்தில் ‘அக்ரீ’ இருக்கிறதா, ‘அட்மிட்’ இருக்கிறதா? ‘சொன்னார்’ என்று சொன்ன இடத்தில் எழுதியிருப்பது தகவலா, கட்டளையா? சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே சொல்லாகக் கேட்காமல், “நான் செய்யமாட்டேன் என்று சொன்னேன்”, “அது நடக்கவில்லை என்று சொன்னேன்” என்று முழு வாக்கியமாகப் பிரித்துச் சொல்வது பாதுகாப்பானது.

வேலையிடத்திலும் இதே வழிதான். பெரிய சொற்கள் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பாதுகாப்பு வார் இல்லாததால் ஏற மறுத்த அந்த ஊழியர், ‘ரிஃப்யூஸ்’ என்ற சொல் நினைவுக்கு வராவிட்டாலும், “ஏறச் சொன்னார், வார் இல்லை, ஏறமாட்டேன் என்று சொன்னேன்” என்று எளிய ஆங்கிலத்தில் மூன்று சிறு வாக்கியங்களாக எழுதியிருந்தால், அவர் சொன்னதை யாராலும் மாற்றிப் படித்திருக்க முடியாது.